என் கையைப் பிடித்து நிறுத்திய தம்பி



எங்கள் பகுதி இளைஞர்கள் இந்தக் கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கான கால்பந்துப் போட்டியொன்றை நடத்தவிருக்கிறார்கள். பயிற்சியாளர்கள் வரம்பு மீறினால் நடுவரும் போட்டிக் குழுவும் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களில் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி இருப்பது அவருக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன், என் மகன் பார்த்துக்கொண்டிருக்க, சிவப்பு அட்டை காட்டப்பட்டு மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பயிற்சியாளன் நான். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோருக்கும் இது பயன்படலாம், இன்ஷா அல்லாஹ்.

காங்கேயத்தில் எங்களுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. கொப்பரை காயவைத்து எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புவது என் தந்தை காலத்திலிருந்து எங்கள் தொழில். கல்லூரி நாட்களில் நான் கோவையில் கால்பந்து ஆடியவன். அந்த ஆசை விடாததால், ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து வந்தேன். ஊதியம் எதுவும் இல்லை. நன்மையான காரியம் என்றே நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நன்மையான காரியம் செய்கிறோம் என்ற நினைப்பே சில வேளைகளில் நம் கண்ணை மறைத்துவிடுகிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பிந்தைய நேரம். பதினான்கு வயதுக்குட்பட்டோர் அரையிறுதி ஆட்டம். என் இளைய மகன் கோல் கீப்பர். வெற்றிக் கோப்பைகளுக்கான செலவை அந்த ஆண்டு நான்தான் ஏற்றிருந்தேன். நடுவராக வந்திருந்தவர் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் ஒரு தம்பி. நடுவர் தேர்வு எழுதித் தேறி ஓராண்டுகூட ஆகவில்லை. எல்லைக்கோட்டில் கொடி பிடித்து நின்றவர்கள் பயிற்சி இல்லாத பள்ளி மாணவர்கள் இருவர். உண்மையில் அவர் தனியாகத்தான் அந்த ஆட்டத்தை நடத்தினார்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்தே நான் கத்திக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகளுக்குச் சொன்னதை விட நடுவருக்குச் சொன்னதே அதிகம். பந்து வெளியே போன ஒரு நேரத்தில் அந்தத் தம்பி என் அருகே வந்தார். விரலை நீட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. "அண்ணா, பசங்களுக்கு எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க. என் முடிவைப் பத்தி மட்டும் கத்த வேண்டாங்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பிச் சென்றார். நான் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தேன்.

இரண்டாம் பாதியில் எதிரணி ஒரு கோல் அடித்தது. அது ஆஃப்சைடு என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் இரு கைகளையும் விரித்துக் கூச்சலிட்டேன். அதே நொடியில் எங்கள் இருக்கைப் பக்கமிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து, எங்கள் காலடியிலேயே விழுந்து உருண்டது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, எறிந்தது யார் என்று கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. மஞ்சள் அட்டையை எடுத்து என்னிடம் காட்டினார். நான் எறியவில்லை என்றேன். "தெரியுதுங்ணா. யாருன்னு தெரியாட்டி தலைமைக் கோச்சுக்குத்தான் காட்டணும். அதுதான் விதிங்க" என்றார். அவராகவே இட்டுக்கட்டிய விதி அது என்று நான் நினைத்தேன்.

கடைசி நிமிடங்களில் எங்கள் பையன் ஒருவன் கோல் அருகே விழுந்தான். பெனால்டி கிடைக்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்தேன். அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, "உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

இதை எழுதும்போது இப்போதும் என் கை கூசுகிறது. முறைகேட்டுக்கு எந்தச் சான்றும் இல்லாத ஒரு பிள்ளையின் மீது, நூறு பேர் முன்னிலையில், லஞ்சப் பழி சுமத்தினேன். அவதூறு எத்தனை பெரிய பாவம் என்று ஜும்ஆ பயானில் எத்தனை முறை கேட்டிருப்பேன்!

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து சிவப்பு அட்டையைக் காட்டினார். நான் வெளியேற மறுத்தேன். அவர் என்னோடு வாதாடவில்லை. போட்டிக் குழுவினரை அழைத்து, "இவர் வெளியே போன பிறகுதான் ஆட்டம் தொடங்கும். இல்லையென்றால் ஆட்டத்தைக் கைவிட்டு அறிக்கை எழுதிவிடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவட்டத்தில் போய் நின்றார். இருபுறமும் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியின்றி மதில் சுவருக்கு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். எங்களோடு வந்திருந்த என் அக்கா மகன் அணியைப் பார்த்துக்கொண்டான். நாங்கள் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்தபின் நடந்ததுதான் என்னை உலுக்கியது. எங்கள் அணித் தலைவனுக்குப் பதின்மூன்று வயது. பெரியவர்களிடம் ஒரு சொல் அதிகம் பேசாதவன். கைகுலுக்க வந்த நடுவரிடம் கையை நீட்டாமல், "எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்டான். என் சொல், என் தொனி. பாட்டிலை எறிந்தவனும் மாற்று ஆட்டக்காரனாக அமர்ந்திருந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பையன்தான் என்று பிறகு தெரிந்தது. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் நமக்கெல்லாம் தெரிந்ததே. யார் எறிந்தார் என்று தெரியாவிட்டால் தலைமைப் பயிற்சியாளரே பொறுப்பு என்று அந்தத் தம்பி சொன்னபோது, அந்த ஹதீஸ் என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இஷாவுக்குப் பின் போட்டிக் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "பாய், அவன் சின்னப் பையன். அறிக்கையில சிவப்பு அட்டை விஷயத்தை எடுத்துடச் சொல்லியாச்சு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். என் கோப்பைகளுக்கு அவர்கள் செலுத்திய மரியாதை அது. எனக்கும் உள்ளூர நிம்மதியாக இருந்தது. அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகன் ஒன்றே ஒன்று கேட்டான்: "அத்தா, அப்ப அந்த அண்ணன் பொய்யா எழுதணுமா?"

பதில் சொல்ல முடியவில்லை. உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியின் மீது நிலைத்து நின்று சாட்சி சொல்லுங்கள் என்று சூரா அந்நிஸாவில் அல்லாஹ் கட்டளையிடும் வசனத்தை, என் மகனுக்குப் பொருளோடு சொல்லிக் கொடுத்தவன் நான்தான். இப்போது எனக்காக இன்னொருவர் வீட்டுப் பிள்ளை பொய்ச் சாட்சி எழுத வேண்டியிருந்தது.

மறுநாள் காலை குழுவினரைச் சந்தித்து, அறிக்கை எழுதியபடியே இருக்கட்டும், தண்டனையையும் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு ஆட்டங்களுக்கு எனக்குத் தடை விதித்தார்கள். பிறகு அந்தத் தம்பியின் வீட்டைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன இரண்டு செய்திகளை இன்றளவும் மறக்கவில்லை.

முதலாவது: "அந்தக் கோல் ஆஃப்சைடுதாங்ணா. நான் பார்க்கிற இடத்துல நிக்கல. என் தப்புதான்."

ஆக, ஆஃப்சைடு விஷயத்தில் நான் சொன்னது சரி. மற்ற எல்லாவற்றிலும் என்மீதுதான் தவறு. அவருடைய பிழை ஆட்டத்தில் நிகழ்ந்த பிழை. என்னுடையது நடத்தையில் நிகழ்ந்தது. முந்தையது பிந்தையதற்கு நியாயம் ஆகாது.

இரண்டாவது: "நீங்க திட்டினதுகூடப் பரவால்லைங்ணா. அறிக்கையை மாத்தி எழுதச் சொன்னாங்க பாருங்க, அப்பத்தான் விசிலைத் தூக்கிப் போட்டுடலாம்னு தோணுச்சு."

யோசனை கேட்ட சகோதரருக்கு நான் சொல்ல விரும்பியதன் சாரம் இந்த இரண்டாவது செய்தியில் இருக்கிறது. பயிற்சியாளரின் அத்துமீறலை நடுவர் மட்டும் தடுத்துவிட முடியாது. அவருக்குப் பின்னால் போட்டிக் குழு உறுதியாக நிற்க வேண்டும். நடுவருக்குச் சிவப்பு அட்டையைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தியதற்காக அவரையே கெஞ்ச வைப்பது அவருக்கு இழைக்கும் துரோகம்.

தடைக் காலத்தில் கால்பந்து விதிகளை முதன்முறையாக முறையாகப் படித்தேன். கல்லூரி அணியில் ஆடியவன், ஆறாண்டு பயிற்சி கொடுத்தவன், அதுவரை விதிப்புத்தகத்தைத் திறந்ததே இல்லை. பயிற்சியாளர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்டலாம் என்பது 2019-இல் உலக அளவில் விதியானது. அதற்கு முன் நடுவர் வாயால் சொல்லித்தான் வெளியேற்றுவார். பார்ப்பவர்களுக்கு நடப்பது புரியாது. தவறிழைத்தவர் யாரென்று தெரியாவிட்டால் அங்குள்ள தலைமைப் பயிற்சியாளருக்கே தண்டனை என்பதும் அப்படியே புத்தகத்தில் இருந்தது. அந்தத் தம்பி எதையும் இட்டுக்கட்டவில்லை.

விதி மூன்று படிகளைச் சொல்கிறது. சிறு முணுமுணுப்பு, தன் பகுதியை விட்டு எப்போதாவது வெளியே வருவது போன்றவற்றுக்கு வாய்மொழி எச்சரிக்கை. முடிவை எதிர்த்துச் சொல்லாலோ செயலாலோ வெளிப்படையாக ஆட்சேபிப்பது, பாட்டிலை எறிவது, கேலியாகக் கைதட்டுவது, திரும்பத் திரும்ப எல்லை மீறுவது ஆகியவற்றுக்கு மஞ்சள் அட்டை. நடுவரை எதிர்கொள்ள மைதானத்துக்குள் நுழைவது, இழிவான சொற்கள், வன்முறை ஆகியவற்றுக்கு நேரடியாகச் சிவப்பு அட்டை. அந்தத் தம்பி எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கவில்லை, எந்தப் படியையும் தவிர்க்கவும் இல்லை.

நடைமுறையில் நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு முன்: ஒவ்வோர் அணிக்கும் பொறுப்பாளர்களாக இரண்டு பெரியவர்களின் பெயரைக் குழு பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவர் வெளியேற்றப்பட்டால் பிள்ளைகள் ஆதரவின்றி நிற்கக் கூடாது. பயிற்சியாளர் நிற்க வேண்டிய பகுதியைச் சுண்ணாம்பால் கோடிட்டுக் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுந்து நின்று ஆலோசனை சொல்லலாம் என்பது விதி. மற்றவர்கள் அமர நாற்காலிகள் போடுங்கள். கோபம் வந்தவர் நின்றுகொண்டிருந்தால் உட்காரட்டும் என்று நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. உட்கார இடமே இல்லாவிட்டால் எங்கே உட்காருவது? பெற்றோரை எதிர்ப்பக்கத்தில், கயிறு கட்டி, கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008-இல் தொடங்கிய 'ரெஸ்பெக்ட்' திட்டத்தில் இந்தக் கயிறும் ஓர் அங்கம். கயிறு வாங்க ஆகும் செலவு பெரிதல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய நடுவரை அரையிறுதிக்குத் தனியாக அனுப்பாதீர்கள். விதி தெரிந்த இரண்டு உதவி நடுவர்களையும், அருகில் ஒரு மூத்த நடுவரையும் நிறுத்துங்கள்.

ஆட்டத்தின்போது: நடுவர் தொடக்கத்திலேயே தலையிட வேண்டும். எங்கள் களத்தில் கொப்பரை விரித்திருக்கும் நாட்களில் மேற்கே மேகம் கறுத்ததுமே தார்ப்பாயை எடுத்துவிடுவோம். முதல் துளி விழுந்தபின் தேடுபவனுக்குக் கொப்பரை மிஞ்சாது. முதல் கூச்சலிலேயே தனியாக, தணிந்த குரலில் சொல்லப்படும் ஒரு வார்த்தை பெரும்பாலானோருக்குப் போதும். அது அவருடைய மானத்தையும் காக்கிறது. கேட்காவிட்டால் அடுத்த படிக்குத் தயங்காமல் போக வேண்டும். வாதாடவோ திருப்பித் திட்டவோ கூடாது. கோபத்தில் இருக்கும்போது இருவரிடையே தீர்ப்பளிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். விசில் ஊதும் ஒவ்வொரு தம்பிக்கும் அது பொருந்தும். பயிற்சியாளர் தன் அணிச் சிறுவனையே இழிவாகத் திட்டினாலும், அடித்தாலும், 'அது அவர்கள் வீட்டு விவகாரம்' என்று நடுவர் ஒதுங்கக் கூடாது. அந்தச் சிறுவனும் அவர் பாதுகாப்பில் இருப்பவன்தான்.

ஆட்டத்துக்குப் பின்: நடுவர் அன்றைக்கே அறிக்கை எழுத வேண்டும். எந்த நிமிடம், என்ன சொல், என்ன செயல் என்பவை மட்டும் இருக்க வேண்டும். 'திமிராக நடந்தார்' என்று எழுதாமல், அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். குழு இரு தரப்பையும் கேட்க வேண்டும். பயிற்சியாளருக்கும் எழுத்தில் முறையிட வழி இருக்க வேண்டும். என்னுடைய ஆஃப்சைடு புகாரை நான் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். அதனால் கோல் ரத்தாகியிருக்காது. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு நல்ல உதவி நடுவர்கள் கிடைத்திருப்பார்கள். தண்டனை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கோப்பை வாங்கிக் கொடுத்தவருக்கு ஒரு நீதி, கூலிக்காரருக்கு ஒரு நீதி என்று பிரித்தால் அதைப் பிள்ளைகள் முதலில் கவனிப்பார்கள்.

'இது பிள்ளைகள் விளையாட்டு, இதற்குப் போய் இத்தனை சட்டமா?' என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பெரியவர்களின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த ஐ.எஸ்.எல். ஆட்டத்தில் சுனில் சேத்ரி விரைவாக எடுத்த ஃப்ரீ கிக் கோலானது. அதை ஏற்காத கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமானோவிச் தம் அணியை மைதானத்திலிருந்து வெளியே அழைத்துச் சென்றுவிட்டார். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. கோல் கோலாகவே நின்றது. எங்கள் பையன்கள் அது நியாயமான கோலா இல்லையா என்று நாள்கணக்கில் வாதிட்டார்கள். கேரளம் எங்களுக்குப் பக்கம் என்பதால் பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் எங்களிடையே அதிகம். அணியை அழைத்துச் செல்லப் பயிற்சியாளருக்கு உரிமை உண்டா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. நானும் அந்தக் கேள்வியை அவர்களிடம் எழுப்பவில்லை.

தட்டிக் கேட்காத கோபம் எங்கே போய் முடியும் என்பதற்கு நெதர்லாந்தில் ஒரு துயரம் நடந்தது. 2012 டிசம்பரில் அல்மேரே நகரில் நடந்த ஒரு சிறுவர் ஆட்டத்தில், ரிச்சர்ட் நியூவென்ஹெய்ஸன் என்ற 41 வயதுத் தந்தை தாமாக முன்வந்து எல்லைக்கோட்டில் கொடி பிடித்தார். அவர் மகன் அந்த ஆட்டத்தில் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் அவரைச் சூழ்ந்து தாக்கினார்கள். மறுநாள் அவர் இறந்தார். தண்டிக்கப்பட்டவர்களில் பதின்ம வயதுச் சிறுவர்களோடு ஒரு சிறுவனின் தந்தையும் இருந்தார். அந்த வார இறுதியில் நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 'எவ்வளவு கொடுத்தார்கள்?' என்று என் அணித் தலைவன் கேட்டபோது அவனுக்குப் பின்னால் எங்கள் பையன்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

பயிற்சி கொடுக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயது முதல் பத்தாண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தக் காலம் முழுவதும் ஒரு முறைகூட 'சீ' என்றோ, இதை ஏன் செய்தாய் என்றோ தம்மைக் கடிந்துகொண்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஐம்பது நிமிட ஆட்டத்தில் நாம் எத்தனை முறை 'சீ' சொல்கிறோம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணிக்கையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அநியாயம் செய்யப்பட்டவனுக்கு மட்டுமல்ல, அநியாயம் செய்பவனுக்கும் உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் வியந்து கேட்டார்கள். அவன் கையைப் பிடித்து அதைச் செய்யவிடாமல் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது விளக்கமாக வந்தது. அன்று அந்த மைதானத்தில் எனக்கு அந்த உதவியைச் செய்தவர் என்னில் பாதி வயதுடைய ஒரு தம்பி. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அந்த ஹதீஸை அவர் கேட்டிருக்கவும் வாய்ப்பில்லை. அதைக் கேட்டும் சொல்லியும் வளர்ந்த எனக்கு, அதன் பொருளை அவர்தான் செயலில் காட்டினார்.

அந்தத் தம்பி விசிலைத் தூக்கிப் போடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சென்ற ஆண்டு எங்கள் ஆட்டம் ஒன்றுக்கு மீண்டும் அவரே நடுவராக வந்தார். ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்று அவருக்குக் கைகொடுக்கச் சொன்னேன். பழைய அணித் தலைவன் இப்போது எனக்கு உதவியாளன். அவனும் கைகொடுத்தான். இரண்டாம் பாதியில் ஒரு ஃப்ரீ கிக் எங்களுக்கு எதிராகப் போனது. எனக்கு அது தவறாகத்தான் பட்டது. எழுந்தேன். என் மகன் கோல் கம்பத்தடியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நாற்காலி பின்னாலேயே இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.